மானிட்டர் வாய் திறந்தது: அரியலூர் மைத்துனருக்கு ஓர் அறிவிப்பு

துறைமங்கலம், பெரம்பலூர்
27.11.2006, திங்கள் மாலை

அரியலூரில் சிமெண்ட் ஆலையின் மின்பிரிவில் பணிபுரிபவரும், என் மனைவி புவனேஸ்வரியின் ஒரே தம்பியும், இரண்டு மாவட்டங்களில் எங்கே ஒயர் இருந்தாலும் அதைத் தொடும் உரிமை தனக்கே உண்டு என்று நம்புபவருமான மைத்துனர் திரு. வேணுகோபால் அவர்களுக்கு, முத்துவேல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கே நீங்களும் தங்கை ஜெயசித்ராவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்பு ஏதும் சரியில்லை என்றால் இந்தக் கடிதத்தைத் தேறிய பிறகு படிக்கவும். இதிலுள்ள செய்தி உங்களுக்கு நல்ல செய்தி அல்ல.

மானிட்டர் பேசிவிட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, எட்டு வாரமாக ஊமையாக இருந்த எங்கள் கம்ப்யூட்டர் மானிட்டரின் இரண்டு ஸ்பீக்கரும் வாய் திறந்தன. நீங்கள் வரவில்லை. உங்கள் கருவிப் பையும் வரவில்லை. வரலாறு படித்த ஒருவன், தரையில் மண்டியிட்டு, தன் பத்து விரல்களால் இதைச் சாதித்தான். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது.

வரலாற்று ஆசிரியனால் முன்கதை சொல்லாமல் எதையும் தொடங்க முடியாது. 1999ஆம் வருடம், ஆவணி மாதம், உங்கள் புதுமனை புகுவிழா. ஹாலில் மின்விசிறி நின்றுவிட்டது, நீங்கள் சமையல்காரரைக் கவனிக்கப் போயிருந்தீர்கள், வயதானவர்கள் புழுங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக நான் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி மாட்டினேன். தெருவே இருண்டுபோனது. அது தற்செயல் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் முதல் பந்தியில், சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க மாமா கைய வச்சாரு, கரண்டு ஆபீசே லீவு போட்ருச்சு" என்று சொன்னீர்கள். இலையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். என் தலைமையாசிரியரும் சிரித்தார். அன்று நான் இரண்டாம் முறை ரசம் கேட்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள்.

அதை நான் மன்னித்திருக்கவும் கூடும். அதற்குள் இந்த வருடம் மார்ச் மாதம் வந்தது. நீங்கள் பார்த்து முடித்த வரனாகிய பிரேம்குமாருடன் என் மகள் அனுசுயா மெல்போர்னுக்கு விமானம் ஏறினாள். அவள் பி.எட். முடித்து இங்கேயே ஒரு பள்ளியில் சேர்ந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று நான் நினைத்திருந்தது யாருக்கும் நினைவில்லை. போகட்டும். மறுநாள் போய் இறங்கியதும் முதல் போனை யாருக்குப் போட்டாள்? பெற்ற தகப்பனுக்கு இல்லை. அரியலூருக்கு. பதினொரு மணிக்கு நீங்கள் எனக்குப் போன் செய்து, "மாமா, புள்ள நல்லபடியா எறங்கிருச்சாம்" என்று, என் மகளைப் பற்றி எனக்குச் செய்தி வாசித்தீர்கள். ரிசீவரை வைத்துவிட்டு உங்கள் அக்காவிடம் சொன்னேன்: "இனிமே அவ போன் பண்ணா நான் எடுக்க மாட்டேன். போன்ல அவகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்." சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறேன். எட்டு மாதம் ஆகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் சொன்னது போன். கம்ப்யூட்டர் போன் அல்ல. அதில் முகம் தெரிகிறது, சுழற்றுவதற்கு எண் இல்லை, ரிசீவர் என்று ஒன்று அறவே இல்லை. இதை எந்த நீதிமன்றத்திலும் நான் வாதாடுவேன். ஆகவே செப்டம்பரில் கம்ப்யூட்டர் வாங்க நான் ஒப்புக்கொண்டது ஏன் என்று உங்கள் அக்கா இன்றுவரை வியந்துகொண்டிருந்தாலும் உங்களுக்குப் புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் குற்றமில்லை.

மானிட்டரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். "ஸ்பீக்கரு உள்ளயே இருக்கு மாமா, தனியா பொட்டி வச்சு எடத்த அடைக்க வேணாம்" என்றீர்கள். திரைக்கு அடியில் இரண்டு ஓரத்திலும் சல்லடை போலப் பொடி ஓட்டைகள், அதற்குள்ளேதான் ஸ்பீக்கர். ஆயுத பூஜை அன்று வந்து இணைத்துக் கொடுத்தீர்கள். பூஜை முடிந்து, வடை தின்று, ஒயர்களைச் செருகி, திரையில் படம் வந்ததும், "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டீர்கள். படம் வந்தது. சத்தம் வந்ததா என்று யார் பார்த்தார்கள்? இரண்டு மாடி கட்டிவிட்டுப் படிக்கட்டு வைக்க மறந்த கொத்தனாரைப் போல நீங்கள் அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தீர்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு என் மகள் திரையில் வந்தாள். அங்கே பிற்பகல். பின்னால் ஒரு ஜன்னல், வெளியே ஏதோ மரம். கை ஆட்டினாள், வாய் திறந்தாள், பேசினாள், சிரித்தாள். சத்தம் இல்லை. எங்கள் பேச்சும் அவளுக்குக் கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினாள். உங்கள் அக்கா திரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் கேமராவில் விழாதபடி பீரோ ஓரமாக நின்றிருந்தேன். சத்தம் வரட்டும், அவள் என்னைப் பற்றிக் கேட்கிறாளா என்று முதலில் பார்ப்போம், கேட்டால் முன்னே போகலாம் என்பது என் திட்டம். சத்தமே வராவிட்டால் கேட்டாளா இல்லையா என்று எப்படித் தெரியும்? உங்கள் அக்காவுக்கு இந்தக் கஷ்டம் இல்லை. நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் அவள் போனில் இரண்டு நிமிடம் பேசிவிடுகிறாள். "என்ன பேசினீர்கள்" என்று நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. இப்படித்தான் இந்த வீடு நடக்கிறது.

உங்களுக்குச் சொல்லி அனுப்பினோம். நீங்கள் சொன்ன பதில் என் நாட்குறிப்பில் தேதியோடு இருக்கிறது. "அக்கா, மாமாவ கைய வைக்க வேணாம்னு சொல்லு. ஒரு ஞாயித்துக்கெழம நான் வந்து பாத்துக்கறேன்." ஏழு வருடம் கழித்து, ஒரு ஃபியூஸ் கட்டையை மனதில் வைத்துக்கொண்டு, பி.எட். படித்த ஒரு முதுகலை ஆசிரியனைப் பார்த்து, கையை வைக்காதே. அன்றே முடிவு செய்தேன். கையை வைப்பது என்று.

முதல் இரண்டு வாரம் சத்தத்தைக் கூட்டினோம். திரையின் மூலையில் ஒரு குட்டி ஸ்பீக்கர் படம் இருக்கிறது. அதை அழுத்தி உச்சிவரை தள்ளினேன். மானிட்டரின் அடியில் ஒரு பொத்தான். அதையும் உங்கள் அக்கா உச்சிக்குக் கொண்டுபோனாள். உள்ளே இன்னொரு பெட்டி திறந்தது, அதில் சத்தத்தை ஏற்றி இறக்க ஐந்தாறு கம்பம், எல்லாவற்றையும் ஏற்றினேன். கூட்ட முடிந்ததை எல்லாம் கூட்டியாயிற்று, குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாவது வாரம், தீபாவளிக்கு மறுநாள், அனுசுயா தன் பாட்டுக்கு ஒரு நீளமான கதை சொன்னாள். கையை விரித்தாள், கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள். "என்னங்க, அழுவுறாளா சிரிக்கிறாளா?" என்றாள் உங்கள் அக்கா. நான் எப்படிச் சொல்வேன்? எனக்கு அவள் பக்கவாட்டில் பாதிதான் தெரிந்தது. அன்று வைத்த அதிரசத்தை நான் சாப்பிடவில்லை.

நான்காவது வாரம் ஒயர்களை மேசையிலேயே விட்டு மானிட்டரை மட்டும் கழற்றி, போர்வையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போனேன். கண்டக்டர், "சார், டிவியா? மேட்ச் பாக்கலாமா?" என்று கேட்டார். பஸ் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கடையில் அவர்கள் கம்ப்யூட்டரில், அவர்கள் ஒயரில் மாட்டினார்கள். மாட்டிய மாத்திரத்தில் மானிட்டர் கணீரென்று பாட ஆரம்பித்தது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், மானிட்டருல ஒரு கொறயும் இல்ல. உங்க வூட்லதான் ஏதோ கொற" என்றார். குறை என் வீட்டில் என்று முன்பின் தெரியாத ஒருவர் சொல்லக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் அதை மடியில் வைத்து, அதே பஸ்ஸில், அதே கண்டக்டரிடம், "என்ன சார், மேட்ச் முடிஞ்சிருச்சா?" என்ற கேள்வியோடு திரும்பினேன். வீட்டில் மாட்டினேன். மௌனம். உங்கள் அக்கா மேசை கன்னிமூலையில் இல்லாததுதான் காரணம் என்றாள். மேசையை நகர்த்தினோம். ஒயர் எட்டவில்லை. மறுபடி நகர்த்தினோம். என் இடுப்பு இன்னும் பழைய நிலைக்கு வரவில்லை.

போன சனிக்கிழமைதான் ரேடியோ ரிப்பேர் தங்கராசு வந்தார். வேலை ஒன்றும் இல்லாததால் கூப்பிட்ட உடனே வந்துவிட்டார். மானிட்டரின் முதுகில் காதை வைத்தார். மானிட்டர் பக்கத்து ஒலி ஒயரைக் கழற்றி, அங்கே தன் ஒயர் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு பேட்டரியால் தொட்டார். கர் என்றது. நிமிர்ந்து, "சார், இதுக்கு வாய் நல்லாத்தான் இருக்கு. சேதிதான் வந்து சேரல" என்றார். வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பிறந்தவர் என்று நினைக்கிறேன்.

சேதி வந்து சேரவில்லை. ராத்திரி படுத்தபடியும் விடிந்து பல் தேய்த்தபடியும் அதையே யோசித்தேன். ஒரு சாம்ராஜ்யத்தில் தலைநகரத்து ஆணை எல்லைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் எல்லைக் காவலனைத் தண்டிப்பதில் பொருளில்லை. வழியைப் பார்க்க வேண்டும். படம் போகும் ஒயர் தடியானது, இரு பக்கமும் திருகாணி. சத்தம் அதில் போவதில்லை! சத்தத்துக்கென்று ஒல்லியாக வேறு ஒரு ஒயர், முனையில் பச்சை. படமும் சத்தமும் ஒரே வண்டியில் வருகின்றன என்று எட்டு வாரம் நான் நினைத்திருந்தேன். நீங்களாவது சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே.

நேற்று காலை எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தேன். அது போதாதென்று ஃபியூஸ் கட்டையையும் கழற்றி மடியில் கட்டிக்கொண்டேன். (திரும்ப மாட்டியபோது தெரு இருளவில்லை. எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் சாட்சி.) மேசைக்கு அடியில் புகுந்து, டார்ச் அடித்து, ஒல்லி ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகு வரை போனேன். அங்கே பச்சை, நீலம், ரோஸ் என்று மூன்று ஓட்டைகள். மானிட்டரின் ஒயர் பச்சையில், உங்கள் அக்கா பேசும் மைக்கின் ஒயர் ரோஸில். இரண்டும் செருகித்தான் இருந்தன. ஆனால் முழுதாக இல்லை. ஒரு நெல் நீளம் வெளியே நின்றது. அழுத்தினேன், போகவில்லை. உருவினேன். ஊசி முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தேன். சந்தனம்! மூக்குக்கு நேரே, எட்டு வாரத்து ஆயுத பூஜைச் சந்தனம், நடுவில் சிவப்பாகக் குங்குமம், களிமண் போலக் காய்ந்து இறுகி!

மைத்துனரே, இப்போது சொல்லுங்கள். ஒயர் செருகுவதற்கு முன்னால்தான் பூஜை நடந்தது. பெட்டியின் முதுகுப் பக்கமே அன்று முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது நீங்கள். அம்மிக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைப்பது முறை. கம்ப்யூட்டருக்கு நெற்றியில் ஒன்று வைத்தால் முடிந்தது. முதுகிலிருக்கும் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சந்தனத்தை அடைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டது யார்? வேறு யாருக்கு அந்த இடம் தெரியும்? மின்பிரிவில் இருபது வருட அனுபவம் உள்ள கை அது. அந்தக் கை அடைத்ததை இந்தக் கை எடுத்தது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை. மேலும் சொல்வேன், பந்தியில்.

தென்னந்துடைப்பத்து ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, ஓட்டைகளைத் துடைத்தேன். ஒரு மணி நேரம். சந்தனம் பொடிப்பொடியாக வந்தது. பச்சை ஒயரைச் செருகியபோது உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அதை இரண்டாவதாக வைக்கிறேன். முதலாவது அதற்குப் பின் வந்தது.

பத்து மணி ஏழு நிமிடம். அழைப்பு மணி ஒலித்தது. எட்டு வாரமாக உச்சியில் ஏற்றி வைத்திருந்த எல்லாக் கம்பங்களும் உச்சியிலேயே இருந்தன என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பீரோ மேலிருந்த என் பட்டமளிப்பு விழாப் படம் குப்புற விழுந்தது. எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு நான்கு ரோடு பக்கம் ஓடியது. உங்கள் அக்கா பொத்தானை அழுத்தினாள். "அம்மா!" என்றாள் அனுசுயா. துறைமங்கலம் முழுவதற்கும் சேர்த்து அம்மா என்றாள். எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாள் வாசலில் நின்று, "எலெக்‌ஷன்தான் முடிஞ்சுபோச்சே, மறுபடி யாரு மைக்கு வச்சது?" என்று கேட்டாள். குரலைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்தே, "நல்லாருக்கியாடி அனுசுயா? எளச்சுப்போயிட்டியா?" என்று மெல்போர்னுக்குக் கூவினாள்.

அடுத்து என் மகள் சொன்னதை எழுத்து மாறாமல் தருகிறேன். "அம்மா, அப்பா பீரோவாண்டதான நிக்கிறாங்க? எட்டு வாரமா வேட்டி நுனி தெரியுது. வரச் சொல்லு."

எட்டு வாரமாகத் தெரிந்திருக்கிறது! நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் அக்கா எழுந்து இடம் கொடுத்தாள். அதன்பின் இருபது நிமிடம் அவள் பேசினாள், நான் கேட்டேன். ஒரு சொல் விடாமல் கேட்டது. அந்த ஜன்னலுக்கு வெளியே இருப்பது எலுமிச்சை மரம். தீபாவளிக்கு மறுநாள் சொன்ன கதை, அவள் செய்த அதிரசம் எண்ணெயில் கரைந்துபோன கதை. அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். உங்கள் அக்காவின் சந்தேகம் தீர்ந்தது.

ஆகவே வரும் தை மாதம் உங்கள் பேத்திக்குக் காது குத்தும் விழாவில், முதல் பந்தியில், சாம்பார் வாளியைக் கையில் எடுக்கும்போது, "எங்க மாமா கைய வச்சாரு, மானிட்டரு பேசிருச்சு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி நீங்கள் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். தலைமையாசிரியரை நான் அழைத்து வருகிறேன். அன்று இரண்டாம் முறை ரசம் கேட்பேன்.

தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் குடும்பத்தில் மின்சாரம் தடையில்லாமலும் மனம் நிறைவாகவும் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மாறாத, ஆனால் எதையும் மறக்காத,
சி. முத்துவேல், எம்.ஏ., பி.எட்.

பின்குறிப்பு (செவ்வாய் காலை): உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். ஆயுத பூஜை அன்று நீங்கள் எடுத்த போட்டோக்களைக் கழுவி அனுப்பியிருக்கிறீர்கள். நன்றி. ஆறாவது படத்தில் ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் குனிந்து, சுண்டுவிரலால் ஒரு ஓட்டைக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். முகம் தெரியவில்லை. வழுக்கை விழுந்த உச்சந்தலை தெரிகிறது. உங்களுக்கு முடி அடர்த்தி. மேலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் நீங்கள். எனவே மேலே பொட்டைப் பற்றி எழுதிய பகுதியைப் படிக்காமல் தாண்டிவிடவும். கடிதத்தைத் திரும்ப எழுதலாம்தான். மற்ற பகுதிகள் நன்றாக வந்திருக்கின்றன.

இன்னொன்று. அவள் பேசினாள், நான் கேட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். நான் பேசினேன் என்று எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நான் பேசினேன். எட்டு மாதத்துக்குப் பின், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அனுசுயா, நல்லாருக்கியாம்மா" என்றேன். அவள், "அப்பா, உதடு அசையுது, சத்தம் வரலப்பா" என்றாள். ரோஸ் ஓட்டையைச் சுத்தம் செய்தபோது ஈர்க்கு உள்ளே ஒடிந்துவிட்டது. அரை அங்குலம். பஞ்சோடு.

அந்த இருபது நிமிடத்தில் அவள் இதையும் சொன்னாள்: "அன்னிக்கி எறங்குனதும் மொதல்ல உங்களுக்குத்தாம்பா போட்டேன். ரெண்டு மணி நேரம் எங்கேஜாவே இருந்துச்சு. அப்பறந்தான் மாமாவுக்குப் போட்டேன்." அன்று காலை எட்டு மணியிலிருந்து பதினொரு மணிவரை, விமானம் இறங்கிவிட்டதா என்று சென்னை விமான நிலைய விசாரணைக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தது யார் என்று உங்கள் அக்காவுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

போனை எடுத்து இப்போதே பேசிவிடுங்களேன் என்கிறாள். போன் எங்கேஜாக இருந்ததற்குக் காரணம் நான் என்பதைப் போனில் சொல்லக்கூடாது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மைக் வேண்டும்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வந்துவிடவும். உங்கள் பையில் ஊசிமூக்குக் குறடு ஒன்று இருக்குமே, அதையும் எடுத்து வரவும். பத்து மணிக்குள் முடிய வேண்டும். வடைக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வரும்வரை நான் எதிலும் கையை வைக்கமாட்டேன்.